சொதி சிந்தாத மொறிஸ் மைனர்

வாகனத்தில் போகும்போது எனக்குப் பேசப் பிடிக்கும். அதை ஒரு குற்றமாக நான் நினைக்கவில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தால் ஒருவருக்கு அடுப்பில் ஏதோ கிடக்கும், இன்னொருவருக்கு ரெலிபோன் வரும். வாகனம் ஓட்டுகிறவர் எழுந்து போக முடியாது. ஆகையால் என் மருமகன் சுஜீத் காலையில் கடைகளுக்கு இடியப்பமும் சொதியும் கொடுக்கப் புறப்படும்போது நானும் இடது பக்கச் சீற்றில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். நடந்ததற்கெல்லாம் காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் தேடுகிறவர்கள் என்னைச் சரியாக அறியாதவர்கள்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீடு. நான், என் மகள் தவமலர், அவளுடைய கணவர் சுஜீத், சுஜீத்தின் தாயார் நகுலேஸ்வரி என்று நான்கு பேர். சம்பந்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிரமமும் இல்லை. அவர் சமைப்பார், நான் சாப்பிடுவேன்.

சம்பந்தியம்மாவின் சொதியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், வெங்காயம், கொஞ்சம் மஞ்சள், அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. தண்ணீர் போல ஓடும். இடியப்பத்தில் விட்டால் விட்ட இடம் தெரியாமல் உள்ளே இறங்கிவிடும். ஓடாத சொதி சொதியே அல்ல. இதை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறவன் என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் சிலர் வேறு விதமாக நினைக்கக்கூடும்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு எங்கள் வான் எம்.ஓ.டி என்ற வருடாந்த வாகனச் சோதனையில் தோற்றது. அடித்தளம் கறள் பிடித்து, சோதித்தவரின் சப்பாத்து உள்ளே போய்விட்டதாம். வீட்டில் இருந்த மற்ற வாகனம் சுஜீத்தின் செல்லப் பிள்ளை. மொறிஸ் மைனர் பிக்கப், அறுபதுகளில் செய்தது, கடும் பச்சை நிறம். கென்ற் பக்கம் ஓர் இளைஞனிடம் வாங்கினார். அந்த இளைஞன் அதைக் கண்காட்சிகளுக்கு என்றே நிலத்தோடு நிலமாக இறக்கி வைத்திருந்தான். அடியில் ஒரு சவர்க்காரக் கட்டியைப் படுக்க வைத்தால் போகும். நிமிர்த்தி வைத்தால் போகாது.

தவமலர் அதை முதன்முதலில் பார்த்த அன்றே கேட்டாள்: "இஞ்சருங்கோ, உது வாகனமோ, இல்லாட்டிக் கட்டிலுக்குக் கீழ தள்ளி வைக்கிற பெட்டியோ?"

வான் போன பிறகு அந்தப் பெட்டியில்தான் கடைகளுக்குப் போனோம். முதல் நாளே கடைகள் இருக்கிற ரூட்டிங் வரைக்கும் சொதி சிந்திக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் கவுன்சில் வைத்த வேகத்தடை மேடுகள் ஒவ்வொன்றிலும் பிக்கப்பின் வயிறு உரசியது, சொதி இருந்த பெரிய கிடாரத்தின் மூடி துள்ளியது. வீதியோரம் நீளத்துக்கு மஞ்சள் கோடு விழுந்தது. நான் மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கம் உள்ளவன் அல்ல. அந்தக் கோட்டைக் கண்டு, கவுன்சில் போட்ட தடைக் கோடு என்று நினைத்து, மூன்று நாட்களாக அந்தப் பக்கத்தில் ஒருவரும் கார் நிறுத்தவில்லை.

தவமலர் தீர்ப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள்.

"வாற மாசம் இல்ஃபோர்டில கலியாணம். இருநூறு பேருக்கு மாமியின்ர இடியப்பமும் சொதியும். ஒரு துளி சிந்தினாலும் அடுத்த நாள் பிக்கப்பை விக்கிறது. ஒரு வெள்ளைக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் ஒரு வான் பாத்து வைச்சிருக்கிறன். முன்னுக்கு மூண்டு பேர் இருக்கலாம். மாமியும் நெடுக வரலாம், காத்துப்பட்ட மாதிரியும் இருக்கும்."

"எனக்கேன் பிள்ளை காத்து, எனக்கு அடுப்படி இருக்கு" என்றார் சம்பந்தியம்மா.

நான் கணக்குப் பார்த்தேன். பிக்கப்பில் இரண்டே சீற். வானில் மூன்று. சம்பந்தியம்மா நடுவில் இருந்தால் ஒருவர்தான் பேசலாம், அந்த ஒருவர் நானாக இருக்கமாட்டேன். ஆனாலும் நான் யோசித்தது சுஜீத்தைப் பற்றித்தான். அந்தப் பிள்ளை சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளே அவரைக் கிருஷ்ணராசாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். கிருஷ்ணராசா என் பழைய சிநேகிதன். ஊரில் பஸ் டிப்போவில் வேலை செய்தவன். இங்கே லூயிஷாமில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு வளைவை வாடகைக்கு எடுத்துக் கார் திருத்துகிறான். பஸ்ஸைவிடச் சிறிய எதைக் கண்டாலும் அவனுக்குச் சிரிப்பு வரும். பிக்கப்பைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை, கவலை வந்தது. ஜாக்கி வைக்க அடியில் இடமில்லை. பலகைகளை அடுக்கி அதன் மேல் ஏற்றித்தான் ஜாக்கியை உள்ளே விட்டான்.

"அண்ணை, உதை இறக்கினவன் படம் பிடிக்க இறக்கினவன். ஓடுறதுக்கு இறக்கேல்லை" என்றான் கீழே கிடந்தபடி. "அச்சுக்கும் வில்லுத் தகட்டுக்கும் நடுவில கட்டை வைச்சிருக்கிறான். வில்லு அசையிறதுக்கு இடமில்லை. இடமில்லாட்டி றோட்டில கிடக்கிறதெல்லாம் உங்கட நாரி எலும்புக்குத்தான் வரும்."

"எழுப்புங்கோ அண்ணை. ஆனால் பாக்கேக்க பதிவாத்தான் தெரியவேணும்" என்றார் சுஜீத்.

"பொம்பிளை பாக்கப் போறியளோ, சொதி கொண்டு போறியளோ?"

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பின்னால் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிய வில்லுத் தகடுகள். நாலு சில்லுக்கும் பழைய ஷொக் அப்சோபருக்குப் பதிலாகக் குழாய் போன்ற புது வகை. முன்னால் முறுக்குக் கம்பிகளை ஒரு பல் தள்ளிப் பூட்டி உயர்த்துவது. கம்பனியிலிருந்து வந்த உயரத்தைவிட இரண்டு விரல் மட்டும் குறைவாக விடுவது, அது சுஜீத்தின் அழகுக்காக.

"வெறுமையா ஓடினால் ஆடு மாதிரித் துள்ளும். பாரம் ஏத்தினால் எருமை மாதிரிப் படுக்கும். ரெண்டுக்கும் நடுவில பிடிக்கவேணும். ஒவ்வொரு நாளும் என்ன ஏத்துறியள்?" என்று கேட்டான் கிருஷ்ணராசா.

"இடியப்பம், சொதி, மாமா" என்றார் சுஜீத்.

"அண்ணையும் பாரத்தில சேர்த்தியோ?"

"அவற்ற கதையளோட சேர்த்து நிறுங்கோ."

என் கதைகளைப் பற்றி இப்படிப் பேசுவது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் உண்மையைத்தான் சொல்வேன். பருத்தித்துறை வீதியில் ஒருமுறை நான் ஒரு ஹாஃப்-டன் பிக்கப்பில் அடைக்கோழி ஒன்றைக் கூடையோடு ஏற்றிப் போனேன். வீதி முழுக்கக் குழி. அந்தக் குலுக்கலின் சூட்டில் முட்டைகள் பாதி வழியிலேயே பொரித்துவிட்டன. இறங்கும்போது கோழி குஞ்சுகளோடு இறங்கியது. இதை நான் சொன்னபோது சுஜீத், "குஞ்சுகளுக்கு அரை ரிக்கற்றோ மாமா?" என்று கேட்டார். கேட்டாலும், வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் போகவில்லை. அதைத்தான் நான் மதிக்கிறேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பிக்கப்பை எடுக்கப் போனோம். முன்பக்கம் முடிந்திருந்தது. பின்பக்கத்துக்கு வந்த பொதியைப் பிரித்துப் பார்த்தால், அனுப்பியவர்கள் மொறிஸ் மைனர் காரின் வில்லுத் தகடுகளை அனுப்பியிருந்தார்கள். பிக்கப்புக்கு வேறு தகடு. மாற்றி வர அடுத்த கிழமையாகும். கழற்றிய கட்டைகளைக் கிருஷ்ணராசா திரும்பவும் பூட்டியிருந்தான். முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் பதிந்து, குந்தியிருக்கிற நாயைப் போல நின்றது வாகனம். சொதி வைப்பது பின்பக்கத்தில்.

திரும்பி வரும்போது சுஜீத் கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு, "மாமா, தவத்திட்ட உண்மையைச் சொல்லிப்போட்டு விப்பம்" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் சேர்ட் கையால் பிக்கப்பின் மூக்கைத் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இருக்கவில்லை.

"பொறுங்கோ தம்பி" என்றேன்.

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். ஏனென்றால் விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. வில்லு, ஷொக் அப்சோபர், முறுக்குக் கம்பி எல்லாம் எதற்காக? ஏற்றிய பொருள் குலுங்காமல் இருப்பதற்காக. வாகனத்தைத் திருத்த நேரமில்லை என்றால், ஏற்றும் பொருளைத் திருத்தலாம். இதில் பிழை கண்டுபிடிக்க முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் பின்னேரம் கிடாரத்தில் சொதி தயாராக இருந்தது. சம்பந்தியம்மா ருசி பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சேலை மாற்ற மேலே போனார். எங்கள் வீட்டில் வறுத்த அரிசி மாவுக்குப் பஞ்சமில்லை, இடியப்ப வீடு. நான் மா டப்பாவைத் திறந்து, ஒரு சட்டி நிறைய மாவைத் தண்ணீரில் கரைத்து, சொதிக்குள் விட்டு, மெதுவாகத் துழாவினேன். பிறகு கிடாரத்தின் காதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இன்னும் அலை அடித்தது. இன்னொரு சட்டி கரைத்தேன். அலை குறைந்தது. அப்போது இல்ஃபோர்ட் பக்கத்து வேகத்தடை மேடுகள் நினைவுக்கு வந்தன. மூன்றாவது சட்டி பாதுகாப்புக்காக. அடுப்பைக் கொஞ்சம் எரியவிட்டு நிறுத்தினேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். டப்பாவை மூடத்தான் மறந்துவிட்டேன்.

லண்டனைக் குறுக்காகக் கடந்து இல்ஃபோர்ட் போய்ச் சேர்ந்தோம். எல்லா மேட்டிலும் பின்பக்கம் அடித்தது. எல்லா மேட்டிலும் சுஜீத் கண்ணை மூடித் திறந்தார். சம்பந்தியம்மாவோடு ரயிலில் வந்த தவமலர் மண்டப வாசலில் பட்டுச் சேலையோடு காத்து நின்றாள். பிக்கப்பின் பின்தட்டில் ஏறி, கிடாரத்தைச் சுற்றி விரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். திரும்பவும் தடவினாள். ஒரு துளி இல்லை.

"நான் நினைக்கேல்லை அப்பா" என்றாள். அங்கேயே நின்று அந்த வெள்ளைக்காரனுக்குப் போன் பண்ணி, விற்கவில்லை என்று சொன்னாள். சுஜீத் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 'பொறுங்கோ' என்ற என் ஒரு சொல்லை அவர் நம்பியிருந்தார். வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு அப்போது இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அரிசி மா இறக்கிய பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பந்தியில் முதல் வரிசைக்குப் பரிமாறப் போனவர்கள் கிடாரத்தைத் திறந்தார்கள். அகப்பையை வைத்தார்கள். அகப்பை நின்றது. பிடிக்காமலே நின்றது. பிறகு வந்த கல்யாண வீடியோவில் சொதி பரிமாறும் இடத்தை மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். மெதுவாக ஓட்டவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா அதைக் கரண்டியால் வெட்டி, பாயாசத்துக்குச் சீனி போட மறந்துவிட்டார்களா என்று கேட்டார். இன்னொருவர், "நகுலேசக்கா சொதி விக்கிறதை விட்டிட்டுச் சீமெந்து விக்கலாம்" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள்.

சம்பந்தியம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். மண்டபத்துச் சமையலறைக்குள் போய், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தார். முப்பது வருஷமாக அந்தக் கையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போனார். மா டப்பா திறந்தபடி இருந்தது.

"நான்தானே திறந்திருக்க வேணும். வேற ஆர் திறக்கிறது?" என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தவத்தின்ர அப்பா, நான் மா போட்டதை நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

"காணேல்லை சம்பந்தியம்மா" என்றேன். உண்மை. அவர் போட்டதை நான் காணவில்லை. முகம் வாடியிருந்தபடியால், ஆறுதலாக இருக்கட்டும் என்று, "வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதானே" என்றும் சொன்னேன்.

அடுத்த கிழமை சரியான தகடுகள் வந்தன. கிருஷ்ணராசா பின்பக்கத்தையும் முடித்தான். இப்போது அந்தப் பிக்கப் மேடுகளில் ஏறி இறங்குவது தெரியாது. தண்ணீர் போன்ற சொதியையும் சிந்தாமல் கொண்டுபோகும். ஆகவே மா தேவைப்பட்டது ஒரே ஒரு நாளைக்குத்தான். இதை ஒரு பெரிய குற்றமாக்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆனால் சம்பந்தியம்மா சொதி வைப்பதை நிறுத்திவிட்டார். தவமலர் மறதி வருத்தமோ என்று பயந்து டொக்டரிடம் நேரம் பதிந்தாள். அவளுக்கும் சுஜீத்துக்கும் ஷிப்ட் இருந்தபடியால் மொழிபெயர்க்க நான் போனேன்.

டொக்டர் ஒரு மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார். சம்பந்தியம்மா முள்ளோடு, சாவியோடு, சுவரில் மாட்டும் ஆணியோடு கீறினார். இன்று என்ன கிழமை என்று டொக்டர் கேட்டார். கிழமையோடு அன்றைய விரதத்தையும் சொன்னார். சமைக்கும்போது ஏதும் மறதி உண்டா என்று டொக்டர் கேட்டார். "ஒண்டும் மறக்கிறேல்லை, அண்டைக்கு மட்டும்தான்" என்றார். நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, 'என்று அவர் சொல்கிறார்' என்பதை மட்டும் சேர்த்தேன். டொக்டர் தலையை ஆட்டி எதையோ எழுதினார். மா டப்பாவைப் பற்றி வேறு திசையில் யாரும் யோசிக்காமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது என்று எனக்குப் பட்டது.

டொக்டர் சொன்னது இதுதான்: பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. என்றாலும் தனியாக அடுப்படியில் விட வேண்டாம். ஒவ்வொரு காலையும் வெளியே கூட்டிப் போங்கள், நான்கு பேரோடு பேசட்டும்.

இதையும் நான் ஒரு சொல் மாற்றாமல் வீட்டில் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டேன். நேர்மை என்னுடைய பலவீனம்.

"அப்ப காலமை பிக்கப்பில மாமி போகட்டும்" என்றாள் தவமலர். "அப்பா வீட்டில இருந்து பேப்பர் வாசிக்கட்டும்."

இப்போது இடது பக்கச் சீற்றில் சம்பந்தியம்மா இருக்கிறார். நான் யன்னலால் பார்க்கிறேன். முன்பு மேட்டில் ஏறும்போது தடுமாறும் பிக்கப், இப்போது வெண்ணெயில் போவதுபோல் போகிறது. அவர் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார். சுஜீத் ஸ்ரேறிங்கில் குனிந்து சிரிக்கிறார். என் கதைகளுக்கு அந்தப் பிள்ளை இப்படிச் சிரித்ததில்லை. ரூட்டிங்கில் கடை வைத்திருக்கும் வாணி முதல் கிழமை மட்டும், ஐயா எங்கே என்று கேட்டாளாம். பிறகு எனக்குத் தருகிற தேத்தண்ணியை அவருக்கே கொடுக்கத் தொடங்கிவிட்டாளாம். வீட்டில் சொதி வைப்பது தவமலர். தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலில் வைக்கிறாள். என் சொந்த மகள் என்றபடியால் அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

ஒரு நல்ல பெண்மணியின் பெயர் என்னால் கெட்டுக் கிடக்கிறது என்ற எண்ணம் இந்த நாட்களில் என்னை வருத்துகிறது. சரியாகச் சொன்னால், அந்தச் சீற் போன நாளிலிருந்து வருத்துகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் மெதுவாகக் கதையைத் தொடங்கினேன்.

"சம்பந்தியம்மா, உங்கட கையில பிழையில்லை எண்டு தெரிஞ்சால் திரும்ப அடுப்படிக்கு வருவியள்தானே?"

அவர் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைக்காரர்களைப் பார்க்கப் போவதற்கென்று தனிக் காலுறைகூட வந்துவிட்டது.

"எனக்கென்ன விசரே?" என்றார். "முப்பது வருஷம் கிடாரத்துக்குள்ளயே நிண்டனான். இப்பதான் லண்டனைப் பாக்கிறன். அந்த மா டப்பாவைத் திறந்தது ஆரெண்டாலும் அவர் நல்லாயிருக்கவேணும்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மற்றக் காலுறையை மாட்டினார். "ஆனால் அவருக்கு இனி நல்ல சொதி கிடைக்காது, பாவம்."

அவருக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

எது எப்படியோ, அவருடைய நற்பெயர் அவருக்கு வேண்டாம் என்றாலும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என் கடமை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தவமலருக்குத் தமிழ்ப் பத்திரிகை வாசிக்க நேரமில்லை. சுஜீத் வாசிப்பது வாகனப் பத்திரிகை மட்டும். ஆகையால் உங்களில் யாராவது தவமலரைக் கோயிலிலோ கடையிலோ கண்டால், மாமியின் கையில் ஒரு பிழையுமில்லை, சொதிக்குள் மா கரைத்தது வேறு ஆள், மாமியை இனிப் பயமில்லாமல் அடுப்படியில் விடலாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர் அந்த ஆள் என்று அவள் கட்டாயம் கேட்பாள். கிருஷ்ணராசா என்று சொல்லுங்கள். அவன் லூயிஷாமில் இருக்கிறான், காலையில் ஏறிப் போக அவனுக்குச் சொந்தமாக ஒரு கார் இருக்கிறது.